காற்றுக்குக் காத்திருந்த கடாரம்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கெடா மாநிலத்துச் சாலைகளில் வெளியூர் வாகனங்கள் பெருகிவிடுகின்றன. லங்காவித் தீவுக்குச் செல்வோர் கோலா கெடா துறையில் பயணப் பைகளோடு வரிசையில் நிற்கின்றனர். குனோங் ஜெராய் மலையின் குளிரை நாடிக் குருண் வழியே ஒரு கூட்டம் ஏறுகிறது. மலையடிவாரத்து மெர்போக்கில், பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தின் வாயிலில் பள்ளி மாணவர்களை ஏற்றிவந்த பேருந்துகள் நிற்கின்றன. இவர்கள் அனைவரும் புறப்படுமுன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்த மாதத்தில் போனால் மழை இராது?

இக்கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இதே மலையைக் கடலிலிருந்து கண்டு கரை சேர்ந்தவர்கள் இதே கேள்வியைக் கேட்டனர். அவர்கள் மழைக்கு ஒதுங்க அல்ல, காற்றுக்குக் காத்திருக்கவே இங்கே தங்கினர். தங்கிய இடத்தில் வழிபட்டனர். வழிபட்ட இடத்தில் கோயில் எழுந்தது. நம் முன்னோர் கடாரம் என்றும் காழகம் என்றும் குறித்த இம்மண்ணின் வரலாற்றைப் பருவக்காற்றின் வரலாறு என்றே கூறிவிடலாம்.

காற்றின் கணக்கு

மலாய்த் தீபகற்பத்தின் பருவநிலையை இரு காற்றுகள் ஆள்கின்றன. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. முன்னதன் வேகத்தைச் சுமத்திரா தீவின் நெடிய மலைத்தொடர் பெருமளவு தடுத்துவிடுகிறது. பின்னது தென்சீனக் கடலின் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் கொட்டிவிட்டு, தீத்திவங்சா மலைத்தொடரைத் தாண்டுகையில் உலர்ந்த காற்றாகிவிடுகிறது. ஆகவேதான் கிழக்குக் கரை வெள்ளத்தில் மிதக்கும் மார்கழி, தை மாதங்களில் கெடாவில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கிறது. இங்கு மழை மிகுவது இரு காற்றுகளும் மாறும் இடைக்காலங்களில்தான்: ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதைவிடக் கடுமையாக மறுமுறையும்.

இரு பக்கமும் மலைகள் அரண்செய்யும் இந்நீரிணை, பாய்மரக் கப்பல்களுக்குப் புகலிடமாயிற்று. தமிழகக் கரையிலிருந்து தென்மேற்குக் காற்றைப் பிடித்து வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல், வந்த வழியே உடனே திரும்ப இயலாது. எதிர்க்காற்று எழும்வரை காத்திருந்தே ஆகவேண்டும். அதே வடகிழக்குக் காற்றில் சீனத்திலிருந்து இறங்கிவந்த கப்பல்களுக்கும் நாடு திரும்ப அடுத்த தென்மேற்குக் காற்று வேண்டும். இவ்வாறு ஒருவர் காத்திருக்கையில் மற்றவர் வந்துசேர, இருவரும் சந்தித்துப் பண்டம் மாற்றிக்கொண்ட இடங்களுள் ஒன்றே கடாரம்.

இதற்குக் கற்பனை வேண்டியதில்லை; கண்ணால் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். பௌத்த நூல்களைத் தேடி 671-ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து கடல்வழியே புறப்பட்ட யீ சிங் என்னும் துறவி, முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர் மலையூ நாட்டில் இரு மாதம் இருந்துவிட்டு, சியேச்சா என்று அவர் எழுதும் துறையை அடைந்தார். அது கெடாவே என்று அறிஞர் பெரும்பாலோர் கொள்வர். அங்கிருந்து சீன நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதத்தில் மீண்டும் கப்பலேறி, நிக்கோபார்த் தீவுகளைக் கண்டு, 673-இன் தொடக்கத்தில் வங்கத்தின் தாமிரலிப்தித் துறையில் இறங்கினார். அவர் குறிப்பிடும் மற்றொரு துறவி வூ சிங். அவரும் சியேச்சாவை அடைந்து, குளிர்காலம்வரை அங்கிருந்து, பின் மேற்கே முப்பது நாள் கடலோடி நாகப்பட்டினத்தில் இறங்கினார். தமிழ்நாட்டுத் துறைமுகம் ஒன்றையும் நம் கெடாவையும் ஒரே பயணத்தில் இணைத்து, நாள் கணக்கும் சொல்லும் பழங்குறிப்பு இது.

சீனரின் பன்னிரண்டாம் மாதம் நம் மார்கழியும் தையும் கூடும் காலம். இன்று நம்மவர் தைப்பூசக் காவடிக்கு விரதம் தொடங்கும் அதே நாள்களில்தான் மெர்போக் ஆற்று முகத்தில் கப்பல்கள் பாய் விரித்தன.

காத்திருப்பின் அளவையும் யீ சிங்கே தருகிறார். தாமிரலிப்தியிலிருந்து கீழ்த்திசை நோக்கி வருவோர் இரு மாதக் கடற்பயணத்தில் கெடாவை அடைவர். அது ஆண்டின் முதல் அல்லது இரண்டாம் மாதமாக இருக்கும். அடுத்த குளிர்காலம் வரை இங்கேயே தங்கிப் பின்னரே தெற்கே கப்பலேறுவர் என்கிறார். ஓராண்டின் பெரும்பகுதியை ஒரே துறையில் கழிக்க நேர்ந்தவர்கள் வெறும் கூடாரத்தில் இருந்திருப்பார்களா? மூன்று நாள் விடுதியில் தங்கிவிட்டு நேரம் போகவில்லை என்று சலித்துக்கொள்ளும் இக்காலத்துப் பயணிகள் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

இங்கே ஓர் ஐயத்தையும் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. நம் மேடைகளில் கடாரம் என்றதும் இராசேந்திர சோழனின் பெயர் முழங்கும். பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்கள் யாவும் அவன் கட்டியவை என்று சொல்லிவிடுவோரும் உண்டு. 1025-ஆம் ஆண்டளவில் அவனுடைய கப்பற்படை கடாரம் கொண்டதும், அதனால் அவன் கடாரங்கொண்டான் எனப் பட்டம் பெற்றதும் கல்வெட்டால் உறுதிப்பட்ட செய்திகள். ஆனால் அது ஒரு படையெடுப்பு. கடாரத்தின் பெயர் அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழில் பதிவாகிவிட்டது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைவீதியில் குவிந்த பண்டங்களைப் பட்டியலிடும் பட்டினப்பாலை, காழகத்துப் பொருளையும் அவற்றோடு சேர்த்துச் சொல்கிறது. அக்காழகம் கடாரமே என்பது உரையாசிரியர் கருத்து. பள்ளத்தாக்கில் கிடைத்த சின்னங்களுள் காலத்தால் முந்தியவை பெரும்பாலும் பௌத்தம் சார்ந்தவை. சைவ, வைதிகச் சின்னங்கள் பின்னர் மிகுந்தன. உள்ளூர் அரசர்களும், வந்து தங்கிய வணிகர்களும், இம்மண்ணின் மக்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து செய்த வேலை இது. ஒரு மன்னனின் வெற்றிச் சின்னம் என்பதைவிட, பல நூறு ஆண்டுகள் வந்துபோன எளிய கடலோடிகளின் நேர்த்திக்கடன் என்பதே எனக்குப் பெருமையாகப் படுகிறது.

அத்தகைய கடலோடி ஒருவனின் பெயரும் நமக்குக் கிடைத்துள்ளது. 1834-இல் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி, முன்பு கெடாவின் பகுதியாயிருந்து 1800-இல் ஆங்கிலேயர் கைக்குப் போன செபராங் பிறையில், எழுத்துப் பொறித்த கற்பலகை ஒன்றைக் கண்டெடுத்தார். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென மதிக்கப்படும் அதில், இரக்தமிருத்திகை என்னும் ஊரைச் சேர்ந்த மாநாவிகன் புத்தகுப்தன் தன் பயணம் இனிது முடிய வேண்டுகிறான். மாநாவிகன் என்றால் பெருங்கப்பல் தலைவன். அப்பலகை இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காற்று நல்லபடி வீசவேண்டும், கப்பல் கரை சேரவேண்டும் என்பதைத் தவிர அவன் வேறெதை வேண்டியிருக்கப் போகிறான்?

கூரையில்லாத கோயில்

குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரமுடையது. சமவெளியிலிருந்து தனித்தெழுந்து நிற்பதால் கடலில் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். அக்காலத்தில் கடற்கரை இன்றுள்ளதைவிட உள்ளே தள்ளியிருந்தது. இன்று நெல் விளையும் தாழ்நிலங்களிற் பல அன்று சேறும் உப்பங்கழியுமாய்க் கிடந்தன. ஆகவே கப்பலில் வந்தவர் கண்ணுக்கு மலை கடலிலிருந்தே எழுவதுபோல் தோன்றியிருக்கும். மலையின் தெற்கே மெர்போக் ஆற்றின் அகன்ற முகத்துவாரம். அதில் கலக்கும் பூஜாங் ஆறு. குடிக்க மலையருவி நீர், பழுதுபார்க்க மரம், ஒதுங்க அமைதியான கழி. மாலுமிக்கு வேறென்ன வேண்டும்!

மலையின் உச்சியிலும் பழஞ்சின்னம் உண்டு. 1894-இல் நில அளவைப் பணிக்காக ஏறிய ஐர்பி என்பவர் அங்கே செங்கல் மேடு ஒன்றைக் கண்டார். ஆயினும் பள்ளத்தாக்கின் பெருமையை உலகறியச் செய்தது 1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் தம் துணைவியாரோடு நடத்திய அகழாய்வு. ஏறத்தாழ முப்பது இடங்களை அவர்கள் வரிசை எண்ணிட்டுப் பதிவு செய்தனர். அந்த எண்களைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச நேரும்.

எட்டாம் எண்ணிட்ட இடமே புக்கிட் பத்து பாகாட் கோயில். அருங்காட்சியகத்தின் பின்னே, ஓடையருகே, படியேறிச் சென்றால் காணலாம். மற்றச் சில கோயில்களைப் பெயர்த்துக் கொணர்ந்து அருங்காட்சியக வளாகத்தில் அமைத்துள்ளனர். இது மட்டும் தான் எழுந்த இடத்திலேயே இருக்கிறது. அலஸ்டர் லாம்பின் மேற்பார்வையில் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் இதன் கற்களை மீண்டும் அடுக்கிச் சீரமைத்தனர். கருவறைப் பகுதியும் அதன் முன் மண்டபமுமாக இது அமைந்திருப்பதைக் காணும் நம்மவர் யாரும் இதைக் கோயில் என்று அறிய வழிகாட்டியின் துணை வேண்டியதில்லை. அடித்தளத்தில் கருங்கற் பேழைகள் கிடைத்தன. அவற்றினுள் பொன், வெள்ளித் தகடுகளும் மணிகளும் இருந்தன. திருப்பணி செய்த அனுபவமுள்ள அன்பர்களுக்கு இது புதிதன்று. கருவறை எழுப்புமுன் நிலத்தடியில் மணியும் பொன்னும் வைக்கும் சடங்கை இன்றும் நம் சிற்பிகளும் சிவாசாரியார்களும் செய்கின்றனர்.

ஆனால் மேலே பாருங்கள். விமானம் இல்லை, கூரை இல்லை. இடிந்து விழுந்ததன்று. தளத்தின் மேல் வரிசையாக வைத்த கல் பாதங்களில் மரத்தூண்களை நட்டு, அவற்றின் மேல் மரமும் ஓலையும் போன்ற மெல்லிய பொருள்களால் கூரை வேய்ந்தனர் என்பது ஆய்வாளர் முடிவு. தமிழகத்தில் மழை ஆண்டில் சில மாதமே. இங்கோ வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும், புழுக்கம் நீங்காது. இந்த ஊர்க் காற்றோட்டத்துக்கும் மழைக்கும் ஏற்றது சரிந்த மரக்கூரையே என்பதை இங்கிருந்த தச்சர்கள் அறிந்திருந்தனர். மலாய்க் கிராமத்து வீடுகள் இன்றும் கல் பாதத்தின் மேல் மரத்தூண் நிறுத்தி எழுவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். வழிபாட்டு முறை கடல் கடந்து வந்தது. கூரை இந்த மண்ணுக்குரியது. அந்த மரங்களை மழையும் கறையானும் தின்றுவிட்டன. கல்லை அவை ஒன்றும் செய்யவில்லை.

பள்ளத்தாக்கில் கிடைத்த பிள்ளையார், துர்க்கை வடிவங்களின் பகுதிகளையும், சீனப் பீங்கான் ஓடுகளையும், மேலைநாட்டுக் கண்ணாடித் துண்டுகளையும், பாசிமணிகளையும் கெடாவின் பழந்துறைகளுக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் அகழ்ந்து, இரும்பு உருக்கிய உலைகளையும், படகுத்துறைக் கட்டுமானங்களையும், செங்கலால் அமைந்த வட்ட வடிவச் சடங்கு மேடையையும் வெளிப்படுத்தினர். அவற்றின் மிகப் பழைய காலக்கணிப்புகள் குறித்து அறிஞரிடையே வாதம் நடைபெறுகிறது. ஆனால் கப்பல்கள் வாசனைப் பொருளுக்காக மட்டும் இங்கே வரவில்லை, இரும்புக்காகவும் வந்தன என்பது தெளிவாகிவிட்டது.

பால்மரத்தின் பருவம்

1909-இல் கெடா, சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு வந்தது. தென்கெடாவின் கோலா மூடா, கூலிம் வட்டாரங்களில் காடுகள் மறைந்து ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் ஆகிய ஊர்களைச் சுற்றிக் கங்காணிகளின் பின்னே நம் பாட்டன், பாட்டிமார் வந்து இறங்கினர். உதவிச் சீட்டில் தொழிலாளரை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தும்வரை அவ்வரவு தொடர்ந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள் அல்லவா? வூ சிங் முப்பது நாளில் கடந்த அதே கடல்வழியை, 1926-இல் கட்டப்பெற்ற ரஜூலா போன்ற நீராவிக் கப்பல்கள் ஒரு வாரத்துக்குள் கடந்தன. காற்றுக்குக் காத்திருக்கும் தேவை ஒழிந்தது. ஆனால் வந்தவர்களில் மிகப்பலர் அடுத்த காற்றில் திரும்பவில்லை.

காற்றின் ஆட்சி கடலில் ஒழிந்தாலும் தோட்டத்தில் ஒழியவில்லை. பால் வெட்டுவோர் விடியுமுன் மரத்தடியில் நின்றதற்குக் காரணம் உண்டு. இரவின் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது கீறினால் பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆனால் பட்டை நனைந்திருந்தால் வெட்ட இயலாது. பால் மங்கில் விழாமல் பட்டை வழியே பரவி வீணாகும். விடியற்காலை மழை என்றால் அன்றைய கூலி இல்லை. செப்டம்பர், அக்டோபர் அடைமழையில் இத்தகைய நாள்கள் பெருகும். தீபாவளி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். புதுத்துணிக்குக் கடையில் கடன் சொன்ன வீடுகளின் கதையில் தென்மேற்குக் காற்றுக்கும் வடகிழக்குக் காற்றுக்கும் இடைப்பட்ட அந்த மழைக்கும் ஒரு பங்கு உண்டு.

தை, மாசியில் வேறு காட்சி. நீண்ட வறட்சியுடைய வட மாநிலமாதலால், கெடாவில் ரப்பர் மரங்கள் தெற்கைவிடத் தெளிவாக இலையுதிர்க்கும். பச்சைக் காடாயிருந்த தோட்டம் சில வாரங்களில் மஞ்சளும் செம்மையும் ஆகி, பின் வெறுங்கிளையாக நிற்கும். கால் வைத்தால் சருகு நொறுங்கும். லயத்து வாசலிலிருந்து பார்த்தால் அடுத்த தோட்டத்துப் புகைக்கூண்டு தெரியும். மேனாட்டார் காசு கொடுத்துக் காணச் செல்லும் இலையுதிர்காலம், நம்மவர்க்கு வீட்டு வாசலிலேயே வந்தது. ஆனால் அதை அழகு பார்க்கும் மனநிலை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்! துளிர் விடும்வரை பாலும் குறைவு, கூலியும் குறைவு.

இக்குறைவான காலத்தில்தான் தைப்பூசம் வருகிறது. வானம் தெளிந்து, தரை உலர்ந்து, இரவில் இதமான காற்று வீசும் நாள்கள். வெறுங்காலோடு காவடி சுமந்து நடப்பதற்கும், தோட்டத்து லாரியில் நெருக்கியடித்துப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போய்வருவதற்கும் இதைவிட ஏற்ற பருவம் கெடாவில் இல்லை. சம்பளத்தோடு கூடிய விடுமுறை என்பதே அரிதாயிருந்த தலைமுறைக்கு உல்லாசப் பயணமும் தலயாத்திரையும் ஒன்றாகவே இருந்தன. பூசம் பார்த்து, கடற்கரையில் கால் நனைத்து, பிள்ளைக்கு ஒரு பொம்மையும் வாங்கித் திரும்பினால் ஓராண்டுக்குப் பேச அதுவே போதும்.

இன்றைய பயணிக்கு

இன்றைய விடுமுறைத் தலங்களும் அதே காற்றின் கணக்கில்தான் இயங்குகின்றன. 1987 முதல் வரியற்ற தீவாகவும், 2007 முதல் யுனெஸ்கோவின் புவிப் பூங்காவாகவும் விளங்கும் லங்காவிக்கு, டிசம்பர் முதல் மார்ச் வரையே தெளிந்த பருவம். தென்மேற்குக் காற்றின் காலத்தில் கடல் சற்றுக் கொந்தளிக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும். சுமத்திராவில் காடு எரியும் ஆண்டுகளில் அக்காற்றே புகைமூட்டத்தையும் கொண்டுவருகிறது. 2015, 2019-ஆம் ஆண்டுகளை யாரும் மறந்திரார். டுரியான் பிரியர்களுக்கு மட்டும் ஆண்டின் நடுப்பகுதியே சிறந்தது. மலாய் மொழியில் அதனை மூசிம் டுரியான் என்பர். பருவத்தைக் குறிக்கும் மூசிம் என்னும் அச்சொல் அரபு மாலுமிகள் தந்தது. ஆங்கிலேயர் பருவக்காற்றுக்கு வழங்கும் மான்சூன் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது.

ஜெராய் மலையின் கணக்கு தனி. சமவெளியில் வெயில் எரிக்கும்போதே உச்சியில் மேகம் படியும். தெளிந்த நாளில் மேலிருந்து பார்த்தால், கெடாவின் நெல்வயல்கள் நீர் நிறைத்த நாளில் கண்ணாடியாகவும், பின் பசும்பாயாகவும், அறுவடைக்கு முன் பொன்னாகவும் மாறுவதைக் காணலாம். அலோர் ஸ்டாரிலிருந்து மலையடிவாரம் வரை ஓடும் வான் மாட் சாமான் கால்வாய், 1885-இல் தொடங்கிய உள்ளூர்த் திட்டம் என்பதையும் இங்கே நினைவுகொள்ளலாம்.

ஆனால் மலையருவிகளில் குளிக்கச் செல்வோர் வானத்தைப் பார்த்தால் போதாது, மலையைப் பார்க்கவேண்டும். 2021 ஆகஸ்ட் 18-ஆம் நாள் ஜெராயின் மேற்பகுதியில் பெய்த பெருமழை, பாறையும் மரமும் சேறுமாகத் திரண்டு ஓடைகள் வழியே இறங்கி, யான் வட்டாரத்தையும் மெர்போக் பகுதியையும் தாக்கியது. உயிர்கள் பறிபோயின, வீடுகள் சேற்றில் புதைந்தன. கடலும் அவ்வாறே. 2004 டிசம்பர் 26, விடுமுறைக் காலத்து ஞாயிற்றுக்கிழமை, வானில் ஒரு மேகமும் இல்லாத பருவத்தில் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவில் புகுந்தது. அலை வாரிச்சென்ற படகுகளால் அமைந்த நினைவுச் சின்னத்தை அங்கே காணலாம்.

பதினொன்றாம் எண்

இத்தனை மழையையும் வெள்ளத்தையும் பன்னூறு ஆண்டுகள் தாங்கிய பூஜாங் பள்ளத்தாக்கின் ஒரு கோயில், 2013-இல் இயந்திரங்களின் முன் நிற்க முடியாமற் போயிற்று.

வேல்ஸ் பதினொன்றாம் எண்ணிட்ட கோயில் சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டதென மதிக்கப்பட்ட அதன் அடித்தளம், வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன் செய்தபோது பெயர்த்தெறியப்பட்டது. 2013 டிசம்பர் தொடக்கத்தில் செய்தி வெளியானபோது நாடெங்கும் அதிர்ச்சி எழுந்தது. நிலம் தனியாருக்குரியது, 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ் அவ்விடம் பதிவு பெற்றிருக்கவில்லை. ஆய்வாளர் நூல்களில் எண் இருந்தது; வரைபடமும் இருந்தது. அரசிதழில் மட்டும் பெயர் இல்லை. அது போதுமானதாயிற்று.

நாம் கடலுக்கு அப்பாலும் பார்க்கவேண்டும். கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் எடுக்கத் தொடங்கி, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் நிறைவுசெய்த புத்த விகாரத்துக்கு, 1006-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையளித்தான். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்ற சாசனம் இதைக் கூறுகிறது. சைவம் தழைத்த சோழநாட்டில், கடாரத்திலிருந்து வருவோர் வழிபட ஒரு பௌத்தப் பள்ளி. சோழன் அதற்குத் தந்தது ஓர் ஊர். நாகப்பட்டினத்தில் பழைய பௌத்தக் கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை எஞ்சி நின்று, கடலோடிகளுக்கு அடையாளமாய் விளங்கியது. அது இவ்விகாரத்தின் பகுதியா, வேறொன்றா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அக்கோபுரத்தையும் 1867-இல் இடித்துவிட்டனர். ஒரே கடல்வழியின் இரு முனைகளிலும், ஒன்றரை நூற்றாண்டு இடைவெளியில், ஒரே விதமான இழப்பு.

நம் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது தொலைவான செய்தியன்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயம் காலியானபோது பால்மரத்தடியில் பாட்டனார் எழுப்பிய மாரியம்மனும் முனியாண்டியும் என்ன ஆனார்கள் என்பதை இம்மலரைப் படிப்போரில் பலர் சொந்த அனுபவத்தில் அறிவர். சில கோயில்கள் வேறிடம் பெற்று ஓங்கின. சிலவற்றின் பெயர் திருவிழாப் பழைய அழைப்பிதழ்களில் மட்டும் இருக்கிறது. ஆயிரமாண்டுக் கோயிலுக்கும் அறுபதாண்டுக் கோயிலுக்கும் வந்த இடர் ஒன்றுதான்: இடத்துக்குரிய தாளில் அவற்றின் பெயர் இல்லை. கோயில் எழுந்த ஆண்டு, நிலத்தின் எண், கொடை தந்த தோட்ட நிர்வாகத்தின் கடிதம், பழைய நிழற்படம், பெரியவர்கள் சொல்லும் வரலாறு ஆகியவற்றை இப்போதே திரட்டி வைக்கும் நிர்வாகங்களுக்கு நாளை வழக்காடவேனும் ஒரு சான்று இருக்கும்.

மெர்போக்குக்குப் போக எண்ணும் அன்பர்கள் தைப்பூசம் முடிந்த வாரங்களைத் தேர்ந்துகொள்ளலாம். பள்ளத்தாக்கில் அப்போது மழை குறைவு, படிகள் வழுக்கா. வெயில் ஏறுமுன் காலையிலேயே புறப்படுவது நலம். முதியவர்கள் அருங்காட்சியக வளாகத்திலுள்ள கோயில்களைப் பார்த்துவிட்டு நிழலில் இருக்கலாம். நடக்க இயன்றவர்கள் மட்டும் பத்து பாகாட் கோயிலுக்கு ஏறட்டும். பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று, தளத்தின் மேலுள்ள அந்தக் கல் பாதங்களை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரத்தூண் நின்றது. அவற்றின் மேலிருந்த கூரையின் கீழ்தான், வடகிழக்குக் காற்று எழும்வரை, நாகப்பட்டினம் போகவேண்டியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.